மூலையில் பட்ட மை

தாள் ஒன்றுதான். எப்போதாவது ஆளுக்கு ஒன்று என்று பட்டாளத்தில் கொடுக்கிற நீலத்தாள். உள்பக்கம் எழுதி மடித்து, வெளிப்பக்கம் விலாசம் எழுதி ஒட்டினால் அதுவே உறையும் ஆகிவிடும். கெடுத்தால் போச்சு. தாண்டவராயன் அதை மடியில் இருந்த பலகையின்மேல் விரித்து வைத்துக்கொண்டு இருபது நிமிஷமாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். சுவர்க் கடிகாரம் இரண்டு பத்து என்றது. நாலு மணிக்குக் கேப்டன் ஹாலம் வருவார், வார்டில் இருக்கிறவர்களின் கடிதங்களை ஒவ்வொன்றாக வாசிப்பார், முத்திரை குத்துவார், பையில் போடுவார், பை துறைமுகத்துக்குப் போய்விடும். அடுத்த பை எப்போது என்று கேட்டால் கப்பல் கிடைக்கும்போது என்பார்கள். கிரேக்க தேசத்துப் பிரேயஸ் பட்டணத்தில், பள்ளிக்கூடமாக இருந்து ஆஸ்பத்திரியாக மாறிப்போன கட்டடத்தில், கரும்பலகையில் யாரோ வாத்தியார் எழுதிவிட்டுப் போன எழுத்துகள் இன்னும் அழியாமல் இருக்கிற அறையில், வடாற்காட்டு ஜில்லாவில் பிறந்து, பாலம் கட்டவும் வெடி அகற்றவும் பட்டாளத்தில் சேர்ந்த மதராஸ் சாப்பர் ஒருவன் இடது கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு பிள்ளையார் சுழி போடப் பயந்து உட்கார்ந்திருந்தான். சிரிப்பாகத்தான் இருந்தது அவனுக்கே. கண்ணிவெடியை வயிறு தரையில் ஒட்டப் படுத்துக்கொண்டு தோண்டி எடுத்தவன், ஒரு சுழிக்குப் பயப்படுகிறான். வலது கை நெஞ்சுக்குக் குறுக்கே தூளியில் தொங்கியது. கட்டுக்கு வெளியே கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை, மோதிர விரல் தைத்துப்போட்ட நிலையில் உள்ளே இருக்கிறது, இருக்குமோ போகுமோ டாக்டருக்கே தெரியாது. வேடிக்கை என்னவென்றால் இல்லாத ஆட்காட்டி விரல்தான் காலையிலிருந்து அரிக்கிறது. சொறிவதற்கு இடம் இல்லை. மயக்கம் தெளிந்ததும் அவன் முதலில் கேட்டது விரலைப் பற்றி அல்ல, வீட்டுக்குத் தந்தி கிந்தி அனுப்பிவிட்டீர்களா சார் என்றுதான் கேட்டானாம். இல்லை என்று சொன்னபிறகுதான் கையைத் தூக்கிப் பார்த்தான். உயிர் இருக்கிறது, கட்டைவிரல் இருக்கிறது, போதும் என்று தோன்றியது, நிஜமாகவே போதும் என்று தோன்றியது. அந்தச் சந்தோஷம் மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள் பச்சையம்மாளின் கடிதம் வந்தது.

கடிதம் தலையணைக்கு அடியில் இருந்தது. எடுக்க வேண்டியதில்லை, மனப்பாடம். ஐப்பசியில் எழுதியது, இத்தாலிக்குப் போய், அங்கே அவன் இல்லை என்று எகிப்துக்குத் திரும்பி, எங்கெங்கோ அலைந்து, மாசியில் வந்து சேர்ந்திருந்தது. எழுதிக் கொடுத்தது தபால்காரர் ரத்தினம். ஊரில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்கிறவரும் அவர்தான், பதில் எழுதிக் கொடுக்கிறவரும் அவர்தான். தொடங்கும்போது க்ஷேமம், அவ்விடம், இவ்விடம் என்று தொடங்குவார், நாலாவது வரிக்குமேல் அவர் கை சோர்ந்துபோய் எதிரில் நிற்கிறவர் பேசுவதை அப்படியே எழுதிவிடுவார். அதற்காகவே அவரைக் கும்பிடலாம். ஏனென்றால் நாலாவது வரியிலிருந்து பச்சையம்மாள் அந்தத் தாளில் நின்று பேசினாள். ‘மாமா, நீங்க போன தபா போட்ட கடுதாசி மூலை நாலும் கறுப்பா வந்துச்சி. ரத்தினம் தெருமுனை புங்க மரத்தாண்டயே நின்னுட்டாரு. வூட்டாண்ட வரல. ஆம்பளை யாராவது வாங்கன்னு அங்கிருந்தே கூப்டாரு.’ மூலை நாலும் கறுப்பாக. அவனுக்குப் புரிவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இத்தாலியில் ஆவணி மாதம் ஒரு மலையடிவாரக் கூடாரத்தில் உட்கார்ந்து எழுதிய கடிதம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி வலதுபக்க மேல் மூலையில் ஊர் பெயரும் தேதியும் போட்டான். எந்த ஊரில் இருக்கிறோம் என்று எழுதக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கை கேட்டால்தானே, கடிதம் என்றால் மூலையில் ஊர் பெயர் போட வேண்டும் என்று அது மூன்றாம் வகுப்பிலேயே தெரிந்து வைத்திருக்கிறது. தணிக்கைக்காரர் அதைப் பார்த்திருப்பார். கறுப்பு மையைத் தாராளமாகத் தோய்த்து மூலையில் பூசியிருப்பார். ஈரம் காய்வதற்குள் தாளை நாலாக மடித்திருப்பார். அவ்வளவுதான். அந்த மை நாலு மூலைக்கும் இறங்கி, கடல் தாண்டி, ஒரு சாவுக் கடிதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊரில் கருமாதிக் கடிதத்துக்குத்தான் மூலையில் கறுப்பு தடவுவார்கள், அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள், வெளியிலேயே படித்துக் கிழித்துப் போட்டுவிடுவார்கள். ரத்தினத்தைக் குறை சொல்ல முடியுமா. இருபத்தைந்து வருஷமாக அந்தக் கறுப்பைப் பார்த்ததும் தெருமுனையில் நின்று பழகியவர்.

அவன் தாளில் ஒரு முனையை நகத்தால் தடவினான். சுத்தமான மூலை. உள்ளே அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருந்தான் என்று யோசித்தான். ஒன்றுமில்லை. இங்கே ஒரு மரத்தில் காய் பறித்து ஆட்டி எண்ணெய் எடுக்கிறார்கள், வேப்பங்கொட்டை அளவுதான் இருக்கிறது, செவலைப் பசு சினை பிடித்ததா, அம்மாவின் முட்டி வலி எப்படி. இதைத்தான் ரத்தினம் புங்க மரத்தடியில் நின்று தழுதழுத்த குரலில் படித்திருக்கிறார். சுற்றிலும் ஊர் நின்றிருக்கிறது. அம்மா புழுதியில் விழுந்து புரண்டிருக்கிறாள், இரண்டு பெண்கள் அதற்குள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், நடுவில் செவலைப் பசு சினை பிடித்ததா என்று ஒரு கேள்வி. அவனுக்கு அந்தக் காட்சியை நினைத்தால் சிரிப்புகூட வரும். பெரியப்பாதான் பேசினாராம். ‘எழுதனப்ப உசுரோட இருந்துகீறான். அப்பறமா பூட்டான். சர்க்காரு மூலையில கறுப்பு தடவி அனுப்பிகீது. இதுகூட தெரியாதா.’ ஊரே தலையாட்டியிருக்கிறது. நியாயமாகத்தான் இருக்கிறது, அவனே அங்கே நின்றிருந்தால் தன் சாவுக்குத் தலையாட்டியிருப்பான். அப்போதுதான் அவள் வந்திருக்கிறாள். களத்திலிருந்து வந்தாளா, கையில் கதிர் அரிவாள் இருந்ததா, கடிதத்தில் இல்லை, ஆனால் அவன் மனசில் எப்போதும் இருக்கிறது. ரத்தினத்தின் கையிலிருந்து தாளைப் பிடுங்கினாள். படிக்கத் தெரியாது. வெளிப்பக்கம் திருப்பி விலாசத்தைப் பார்த்தாள். ‘பச்சையம்மாள்’ என்பதில் ம்மாவைப் போட்டுவிட்டு அவன் வழக்கமாக இழுக்கிற அந்த நீளமான கால், ஏர் திரும்புகிற மாதிரி கடைசியில் வளைந்து மேலே ஏறும், அதை விரலால் தொட்டாளாம். ‘நான் சொல்ட்டேன் மாமா. இது அவுரு கை. இந்தக் கைலயே இன்னொரு கடுதாசி வரும். பங்குனி உத்தரம் வரிக்கும் ஒருத்தரும் என் கழுத்தாண்ட வரக்கூடாது. வேற கைல எழுதி வந்துச்சின்னா, சரி, அப்ப உங்க இஷ்டம்னு சொல்ட்டேன். சொன்னது தப்பா மாமா. சீக்கிரம் உங்க கையால போடுங்க.’

தப்பா என்று கேட்கிறாள். அவனுக்கு அந்த ஒரு வார்த்தைக்காகவே இந்தக் கடலை நீந்திப் போய் அவள் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. ஊர் முழுக்க ஒரு பக்கம் நிற்கிறது, பெற்ற தாயே நம்பிவிட்டாள், ஒரு எழுத்தின் காலைப் பிடித்துக்கொண்டு இவள் ஒருத்தி மறுபக்கம் நிற்கிறாள். நாலு மாதமாக நிற்கிறாள். தனக்காக ஒருத்தி இப்படி நிற்பாள் என்று அவன் கல்யாணத்தன்று நினைத்ததில்லை, அன்றைக்கு அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, மாலை மறைத்தது. எட்டு மாதம் கூட இருந்தான், பிறகு பெங்களூர், பிறகு கப்பல். இத்தனைக்கும் நடுவில் ஒரு கடிதம் போட்டான், டிசம்பரில், இந்த ஊருக்கு வந்ததும். அது போயிருந்தால் பிரச்சினை தீர்ந்திருக்கும். ஆனால் டிசம்பரில் ஜெர்மன்காரன் காலி செய்துவிட்டுப் போன இந்த ஊரில் இந்த ஊர்க்காரர்களே இரண்டாகப் பிரிந்து ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். வெள்ளைக்காரன் அதில் ஒரு பக்கம் சேர்ந்தான். அவன் சேர்ந்ததால் தாண்டவராயனும் சேர்ந்தான், அவனை யாரும் கேட்கவில்லை. துறைமுகத்துத் தெரு ஒன்றில் அஞ்சல் வண்டி எரிந்தது என்று பிறகு சொன்னார்கள். அந்த வண்டியில்தான் அந்தக் கடிதம் இருந்ததா, இல்லையா. இருந்திருக்கும். இல்லாமலும் இருக்கலாம். இந்த இடத்தில் யோசனை செக்குமாடு மாதிரி சுற்ற ஆரம்பித்துவிடும், நேற்று இரவெல்லாம் இப்படித்தான் சுற்றியது. இன்று மாசி ஒன்பது. பங்குனி உத்திரத்துக்கு ஐந்து வாரம் இருக்கிறது. கடிதம் போக நாலு வாரம். இந்தப் பையில் போனால் போய்ச் சேரும். அடுத்த பையில் என்றால், அவன் அடுத்த பையை நினைக்காமல் பேனாவை மறுபடி பிடித்தான். பிடிக்கிற விதமே தப்பாக இருந்தது. பிறகு தரையில் கிடந்த பழைய காகிதத்தில் இடது கையால் ‘ப’ போட்டுப் பார்த்தான். காற்றில் சாய்ந்த பந்தல் மாதிரி வந்தது. அம்மா என்று எழுதினால் அந்தக் கால் ஏறவில்லை, சறுக்கி விழுந்தது. இது வேறு கை. யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள், இது வேறு கை.

இரண்டரை மணிக்குச் சவரிமுத்து வந்தான். தகர மக்கில் டீ கொண்டு வந்திருந்தான். ஒரே கம்பெனி, அவன் ஒரு படி மேலே, லான்ஸ் நாயக், ஆனால் சட்டைக்கையில் பட்டை போட்டவன் என்று இவன் ஒருநாளும் மதித்ததில்லை. பட்டாளத்துக்கு வருமுன் வேலூரில் கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதிக்கொண்டிருந்தவன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் அட்டையை எடுத்து நீலத்தாளின்மேல் வைத்தான். “இன்னா மாப்ளே, இன்னும் சுழி கூடப் போடலியா. இத்தப் பாரு.” தாண்டவராயன் பார்த்தான். அட்டையில் அவன் மனைவியின் பெயரும் ஊரும் தாலுக்காவும் அவனுடைய கையெழுத்தில் இருந்தன. ம்மாவின் கால் நீண்டு, வளைந்து, மேலே ஏறியிருந்தது. அவன் எழுதியதுதான், அவன் எழுதவில்லை. “உன் பழைய நோட்டப் பாத்து ரெண்டு நாளா எழுதிப் பழகினேன். நீ சொல்லு, நான் எழுதறேன். அந்தப் பொண்ணு நிம்மதியா இருக்கட்டும். கையி கதைய ஊருக்குப் போயிச் சொல்லிக்கோ.” ரெண்டு நாளா. இந்த மனுஷன் பாலம் கட்டிவிட்டு வந்து, ராத்திரி விளக்கில் உட்கார்ந்து, இன்னொருத்தன் மனைவிக்காக ஒரு எழுத்தின் காலைப் பழகியிருக்கிறான். இப்படி ஒருத்தன் வாய்த்ததற்கு எந்தச் சாமிக்கு என்ன செய்வது, இவனுடைய மாதாவுக்கா, தன் பச்சையம்மனுக்கா, இரண்டு பேருக்கும்தான். சரி என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்லிவிட்டால் ஐந்து நிமிஷ வேலை. புங்க மரத்தடியில் அவள் தாளைத் திருப்பிப் பார்ப்பாள், காலைத் தொடுவாள், ஊரைத் திரும்பிப் பார்ப்பாள். எவ்வளவு கம்பீரமாக இருக்கும். ஆனால் அவள் தொடுவது சவரிமுத்துவின் விரலை. அந்த எண்ணம் வந்ததும் வாய் மூடிக்கொண்டது. இந்த அட்டை எழுதிய கைக்கு அவன் வேண்டியதே இல்லை. நாளைக்குப் புண் சீழ் பிடித்து அவன் போனாலும், போகிற கப்பல் மூழ்கினாலும், இந்தக் கை எழுதும். சவரிமுத்துவை அவனுக்குத் தெரியும், அவள் அழக்கூடாது என்று பத்து வருஷமானாலும் எழுதிக்கொண்டே இருப்பான், அவ்வளவு நல்லவன். பசு சினை பிடித்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அவள் மஞ்சள் பூசிக்கொண்டு காத்துக்கொண்டே இருப்பாள்.

“வாணாம் சவரி.”

“ஏன்டா.”

“அவ அந்தக் கைய நம்பித்தான் ஊரையே எதுத்து நிக்கறா. வேற எதுல வேணா பொய் சொல்லலாம். அதுல முடியாது.”

“அப்ப கோணக் கையால எழுது. தபால்காரன் மறுபடி தெருமுனையில நின்னு கூவட்டும். எல்லாம் வந்து அந்தப் பொண்ணு கழுத்துல கைய வைக்கட்டும்.” சவரிமுத்து அட்டையை எடுத்து இரண்டாகக் கிழித்தான், எழுந்து விறுவிறுவென்று போய்விட்டான். டீயை விட்டுவிட்டுப் போனான். அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கஷ்டம். உள்ளே என்ன எழுதினாலும் சரி, வெளியே இருக்கிற விலாசத்தைப் பார்த்ததுமே ரத்தினத்துக்கு அது வேறு கை என்று தெரிந்துவிடும். இருபத்தைந்து வருஷமாக ஊரில் எல்லோருடைய கையெழுத்தையும் பார்த்தவர். தாண்டவராயன் கை இல்லை, பட்டாளத்து முத்திரை, வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். அவர் கால் தானாகப் புங்க மரத்தடியில் நின்றுவிடும். அங்கிருந்து கூப்பிடுவார். வெளியே நின்று கூப்பிட்டுவிட்டால் அப்புறம் உள்ளே இருப்பதை யார் காதில் வாங்கப் போகிறார்கள். டீ ஆறிவிட்டது. குடித்தான். சர்க்கரை அதிகம் போட்டிருந்தான் சவரி, தன் பங்கையும் சேர்த்துப் போட்டிருப்பான்.

மணி மூன்று அடிக்கும்போது கலியோப்பி வந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் வருவாள். வாசல் சிப்பாய் இப்போதெல்லாம் அவளைத் தடுப்பதில்லை. நாற்பது நாற்பத்தைந்து வயசிருக்கும், தலைமுடி மட்டும் அதற்குள் சுத்தமாக நரைத்துவிட்டது. தலையிலிருந்து கால்வரை கறுப்பு. இந்த ஊரில் பாதிப் பெண்கள் கறுப்பில்தான் இருக்கிறார்கள், முதலில் பார்த்தபோது அதுதான் இவர்களுடைய வழக்கமான உடுப்பு என்று நினைத்தான், பிறகுதான் தெரிந்தது எல்லாம் புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்தவர்கள் என்று. அவள் புருஷன் ஜெர்மன்காரன் காலத்துப் பஞ்சத்தில் போனான் என்று சவரி விசாரித்துச் சொன்னான். மகன் வெள்ளைக்காரனை எதிர்த்த மலைக்காரர்களோடு துப்பாக்கி எடுத்துப் போனான், சண்டை ஓய்ந்தும் வரவில்லை. அவள் வேகவைத்த கீரையையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் பேசுவது அவளுக்குத் தெரியாது, அவள் பேசுவது அவனுக்குத் தெரியாது, அதனால் இருவருக்கும் நடுவில் இதுவரை மனத்தாங்கல் வந்ததில்லை. கை போன அன்றைக்கு, மேட்டுத் தெருவில் டிசம்பரில் உடைந்த தண்ணீர்க் குழாயை அவனும் கம்பெனி ஆட்களும் ஒட்டுப்போட்டுக் கொண்டிருந்தார்கள். இரண்டு மாதமாகத் தண்ணீர் இல்லாத தெரு, பெண்கள் எண்ணெய் டின்களோடு வரிசையில் நின்றிருந்தார்கள், அவள் முதல் ஆள். இடிந்த சுவரின் ஒரு கல்லை அவன் நகர்த்தினான். யாரோ எப்போதோ அதற்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனது வெடித்தது. எல்லோரும் ஓடினார்கள். சரியாகத்தான் ஓடினார்கள், அந்நிய நாட்டுப் பட்டாளத்தானுக்காக யார் நிற்பார்கள். அவன் கிடந்த இடத்திலிருந்து பார்த்தான், ஒரு கறுப்பு அவனை நோக்கி வந்தது. வந்துவிட்டது என்று நினைத்தான். வந்தது கலியோப்பி. தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து, நரைத்த தலை தெருவுக்கெல்லாம் தெரிய, அவன் மணிக்கட்டை முழங்காலால் அமுக்கிக்கொண்டு முடிச்சுப் போட்டாள். ஒட்டுப்போட்ட குழாயிலிருந்து அப்போதுதான் தண்ணீர் வந்தது, அந்த முதல் தண்ணீரை அவள் டின்னில் பிடித்து அவன் முகத்தைக் கழுவினாள். அந்தத் துணி இல்லாவிட்டால் பத்து நிமிஷத்தில் ரத்தம் வடிந்து போயிருப்பான் என்று டாக்டர் சொன்னார். அந்த வெடியை வைத்தது அவள் மகனுடைய ஆட்களாக இருக்கலாம், அவள் மகனை விரட்டியது இவனுடைய ஆட்கள்தான், அவளுக்கு இரண்டும் தெரியும். தெரிந்தும் கீரை கொண்டு வருகிறாள். அவள் முன்னால் உட்காரும்போதெல்லாம் அவனுக்கு வெட்கமாக இருக்கும், அதைவிட அதிகமாக அழுகை வரும், நன்றி என்பதற்கு அவர்கள் சொல்கிற வார்த்தையைச் சவரியிடம் கேட்டு வைத்திருந்தான், எஃப்காரிஸ்தோ, அதைச் சொன்னான். அவள் கையை வீசி அதைத் தள்ளிவிட்டாள். அவன் மடியில் இருந்த வெறுந்தாளைப் பார்த்தாள். கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். பிறகு மார்புத் துணிக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள், மடிப்பெல்லாம் கிழிந்து போன கடிதம், மகன் எழுதியதாக இருக்கும். அதை விரிக்கவில்லை. மூக்கில் வைத்து முகர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தாள். புகையிலை வாசமாக இருக்கும், இல்லை அவன் வியர்வை. அவளும் படிக்கத் தெரியாதவள் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. திரும்ப உள்ளே வைத்துக்கொண்டு, அவன் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டு எழுந்து போனாள்.

அவன் அவள் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். மூலையில் கறுப்பு என்றால் சாவு என்று ஊருக்குத் தெரியும். அப்படியானால் மூலையில் மஞ்சள் என்றால் என்ன என்றும் ஊருக்குத் தெரியுமே. கல்யாணக் கடிதத்துக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைப்பதில்லையா, அதைக் கையில் பிடித்துக்கொண்டு எந்தத் தபால்காரனாவது தெருமுனையில் நிற்பானா. எந்தக் கை எழுதினால் என்ன. மூலை பேசட்டும். அவள் கைக்குப் போகும்போது கண்ணுக்கு முன்னால் மூக்குக்குப் போகட்டும். இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டான், எழுத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தால் தாளில் மீதி இடம் இருப்பது எப்படித் தெரியும். மஞ்சளுக்கு எங்கே போவது, சவரி கோபித்துக்கொண்டு போய்விட்டான், சமையல் நடக்கிற லங்கரில் கேட்டால் கொடுப்பார்கள், யார் போய்க் கேட்பது. மணி மூன்றே கால். முதலில் எழுதுவோம். அவன் பேனாவைப் பிடித்தான். வலதுபக்க மேல் மூலைக்கு இடது கைகூடப் போகப் பார்த்தது, ஊர் பெயர் போட வேண்டுமாம் அதற்கும். நல்லவேளையாக இழுத்துக்கொண்டான். நடுவில் சுழி போட்டான். கோணலாக வந்தது, ஆனால் சுழிதான், பிள்ளையார் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவர் இல்லை. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரி எழுதினான். ‘பச்சை, நான்தான். வெடி ஒன்றில் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. இது இடது கை. எழுத்துதான் கோணல், ஆள் முழுசாக இருக்கிறேன். நீ சொன்னது தப்பில்லை. நீ சொன்னதால்தான் இந்தக் கையும் எழுதப் பழகியது. இங்கே ஒரு அம்மாள் தன் தலைத்துணியை அவிழ்த்துக் கட்டி என் உயிரைக் காப்பாற்றினாள். அவள் மகன் வீடு வந்து சேர நம் அம்மன் கோயிலில் விளக்குப் போடு. என்னைக் கப்பலில் ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். போன கடிதத்தில் பட்ட மை ஊர் பெயரை அழித்த மை. அதைப் பெரியப்பாவிடம் சொல். செவலை சினை பிடித்ததா என்று நீ இன்னும் சொல்லவில்லை.’ இவ்வளவுக்கு முப்பது நிமிஷம் ஆயிற்று. மணிக்கட்டு வலித்தது. இருக்கிற கை வலிப்பதில் ஒரு சுகம் இருந்தது, இல்லாத விரலின் அரிப்பு எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை.

நிமிர்ந்தபோது சவரிமுத்து எதிரில் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சிகரெட் டப்பாவின் ஈயக் காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தைப் பலகையில் போட்டான். “லங்கர்லேருந்து. கோணக் கையால எழுதனா மூலைலயாவது மஞ்ச தடவு, அப்பவாச்சும் அந்தாளு கிட்ட வருவான்.” இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம் தோன்றியிருக்கிறது, தோன்றாமல் எப்படி, இரண்டு பேரும் அந்த மூலைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே. தாண்டவராயன் தகர மக்கை அவன் பக்கம் நகர்த்தினான். அடியில் மிச்சமிருந்த டீயில் பொடியைக் குழைத்தார்கள். அவன் இடது கையால் விலாசம் எழுதி, அதற்குக் கீழே சின்னதாக ஒரு வரியும் எழுதினான். பிறகு நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தார்கள். வார்டு முழுக்க ரசம் வைத்த வீடுபோல் வாசனை வந்தது.

கேப்டன் ஹாலம் சரியாக நாலுக்கு வந்தார். வேலூரில் வளர்ந்தவர், தமிழ் படிப்பார், வேதபுத்தகத்தில் கற்றுக்கொண்ட தமிழ், இத்தாலியிலும் தமிழ்க் கடிதங்கள் அவரிடம்தான் போகும். கையில் முத்திரையும் மைப்பெட்டியும் வைத்திருந்தார். கறுப்பு மை. தாண்டவராயன் இதை மறந்தே போயிருந்தான், அவர் எப்போதும் வலதுபக்க மூலையில்தான் முத்திரை குத்துவார். அவர் தாளை வாங்கினார். உதடு அசைய உள்ளே வாசித்தார். மையைப் பற்றிய வரி வந்ததும் உதடு நின்றது. திருப்பி வெளிப்பக்கம் பார்த்தார், மூலைகளைப் பார்த்தார், விலாசத்துக்குக் கீழே இருந்த வரியை மெல்ல உரக்கப் படித்தார். “ரத்தினம் அண்ணன், இந்தத் தடவை வாசல்வரைக்கும் வாங்க. பச்சையம்மா கையால் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் படிங்க.” தலை நிமிர்ந்தார். “போன கடிதத்தில் மை வைத்தது நானாக இருக்கும். அதனால் என்ன நடந்தது.”

ஒன்றும் இல்லை சார் என்று சொல்லத்தான் அவன் வாய் பழகியிருந்தது. ஆனால் முத்திரை அவர் கையில் ஈரமாக இருந்தது. “எங்க ஊர்ல மூலை கறுத்து வந்தா சாவு சார். நான் செத்துட்டேன்னுட்டாங்க. என் பொண்டாட்டி மட்டும் ஒத்துக்கல.” மூலையைத் தொட்டிருந்த அவர் கட்டைவிரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது, அதை அவர் துடைக்கவில்லை. பிறகு தாளைப் பலகைமேல் அவன் பக்கம் திருப்பி வைத்தார். “எங்கே குத்தவேண்டும் என்று நீரே காட்டும்.” தாண்டவராயன் தூளியிலிருந்து வலது கையை மெதுவாக எடுத்தான். கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த சுண்டுவிரலால், நாலு மூலைக்கும் எட்டாத ஒரு நடு இடத்தைத் தொட்டுக் காட்டினான். முத்திரை அங்கே விழுந்தது. காயும்வரைக்கும் யாரும் தாளை மடிக்கவில்லை. கேப்டன் குனிந்து வாயால் ஊதினார். அதற்குப் பிறகுதான் அதை மடித்து ஒட்டிப் பையில் போட்டார்.